ரிங் பஃபரில் மாறும் நீளப் பதிவு: ரிசர்வ் மறுக்கிறது, டைன்பாயிண்டர்தான் வழியா?

#1 சுட்டிப்பையன்

ஒரு இபிபிஎஃப் புரோகிராம் (லினக்ஸ் கெர்னலுக்குள்ள ஓடுற சின்ன புரோகிராம்), ரைட் சிஸ்டம் காலின் நுழைவு டிரேஸ்பாயிண்டில் (கெர்னல் கோடுல இருக்கிற கண்காணிப்புப் புள்ளி) மாட்டியிருக்கு. ஒவ்வொரு அழைப்புக்கும் ரிங் பஃபரில், அதாவது கெர்னல் எழுதி யூசர் பக்கம் படிக்கிற வளையத்துல, ஒரு பதிவு போகணும். தலைப்பு 24 பைட்: நேரம் 8, பிஐடி (பிராசஸ் எண்) 4, டிஐடி (திரெட் எண்) 4, எஃப்டி (ஃபைல் எண்) 4, நீளம் 4. அதுக்குப் பின்னால யூசர் பஃபரில் இருந்து எடுத்த பைட்டுகள், அதிகபட்சம் 4096.

வளையத்துல இடம் ஒதுக்குற ரிங் பஃபர் ரிசர்வுக்கு "24 + நீளம்" கொடுத்தா, ஆர்2 (ரெண்டாவது மதிப்பு போற ரெஜிஸ்டர்) தெரிஞ்ச மாறிலி இல்லைன்னு, புரோகிராம் ஏறும்போது சோதிக்கிற வெரிஃபயர் தூக்கி எறியுது. நீளம் 4096ஐத் தாண்டாதுன்னு இஃப் போட்டும் அதே பதில்தான். எப்பவும் 4120 பைட் ஒதுக்கினா ஏத்துக்குது, ஆனா வளையம் சீக்கிரம் நிறைஞ்சு பதிவுகள் விழுந்துடுது. வளையம் 256 கேபி, கெர்னல் 6.8. டைன்பாயிண்டர்னு ஒண்ணு இருக்காமே, அதுதான் வழியா?

#2 அடுக்கு512

இஃப் ஏன் உதவவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் திருப்பித் தரும் பாயிண்டருக்குப் பின்னால் எத்தனை பைட் இருக்கிறது என்பதை, புரோகிராம் ஏறும் நேரத்திலேயே வெரிஃபயர் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நீங்கள் செய்யும் ஒவ்வொரு படிப்பையும் எழுத்தையும் அந்த எண்ணோடு ஒப்பிடும். அதனால் அதற்கு வேண்டியது மேல் எல்லை அல்ல, ஒரே ஒரு எண். "0 முதல் 4096 வரை" என்பது ஒரு எண் ஆகாது.

டைன்பாயிண்டர் (டைனமிக் பாயிண்டர், அளவையும் சேர்த்துச் சுமக்கும் பாயிண்டர்) இந்தக் கணக்கை இரண்டாகப் பிரிக்கிறது. மொத்த நினைவகம் எவ்வளவு என்பதை ஓட்ட நேரத்தில் கெர்னல் வைத்துக்கொள்ளும். அதற்குள் எந்தத் துண்டைத் தொடுகிறீர்கள் என்பதை மட்டும் வெரிஃபயர் பார்க்கும். உங்கள் ஸ்டாக்கில் அது 16 பைட், 8இன் மடங்கில் உட்கார்ந்திருக்கும். உள்ளே 8 பைட் முகவரி, 4 பைட் அளவு, 4 பைட் ஆஃப்செட். அளவுக்கான 32 பிட்டில் மேல் பிட் "படிக்க மட்டும்" என்ற குறி, அதற்குக் கீழே 3 பிட் வகை, அடியில் 24 பிட்தான் உண்மையான அளவு. ஆகவே ஒரு டைன்பாயிண்டரின் உச்சம் 16 எம்பிக்கு ஒரு பைட் குறைவு. இந்த 16 பைட்டுக்குள் உங்கள் புரோகிராம் எட்டிப்பார்க்க முடியாது. நேரடியாகப் படித்தால் வெரிஃபயர் மறுக்கும். மேப்பிற்குள் (புரோகிராமின் தரவுக்கான கெர்னல் கிடங்கு) சேமித்து வைக்கவும் முடியாது.

ரிங் பஃபருக்கான இந்த ஹெல்ப்பர்கள் (புரோகிராம் அழைக்கக் கெர்னல் தரும் ஃபங்ஷன்கள்) 5.19இல் வந்தவை, உங்கள் 6.8க்குத் தாராளம். எலும்புக்கூடு இப்படி இருக்கும். பெயர்களைச் சுருக்கித் தமிழில் எழுதுகிறேன், எது எது என்று உங்களுக்கே தெரியும். டைன்_டேட்டா நேரடிப் பாயிண்டர் தரும், சப்மிட் பதிவை வெளியிடும், டிஸ்கார்ட் தள்ளிவிடும்:

ரிசர்வ்_டைன்(&வளையம், 24 + நீளம், 0, &டைன்);
தலை = டைன்_டேட்டா(&டைன், 0, 24);
தலை வெறுமை எனில் → கைவிடு;
தலையில் நேரம், பிஐடி, நீளம் நிரப்பு;
டைன்_ரைட்(&டைன், 24, தற்காலிகம், நீளம், 0);
சப்மிட்_டைன்(&டைன், 0); முடிந்தது;
கைவிடு: டிஸ்கார்ட்_டைன்(&டைன், 0);

ரிசர்வின் பதிலைத் தனியே சோதிக்காமல் விட்டிருப்பதைக் கவனியுங்கள். அது தோற்றால் டைன்பாயிண்டர் வெறுமை (நல்) ஆகிவிடும். வெறும் டைன்பாயிண்டரில் டேட்டா கேட்டால் வெறுமையே வரும். ஒரே சோதனை இரண்டுக்கும் போதும்.

#3 மூன்றாம்வளையம்

மேலே உள்ளது வேலை செய்யும். ஆனால் அதனால் என்ன லாபம்? "தற்காலிகம்" என்று ஒரு பர் சிபியு மேப் (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனிப் பிரதி) வைத்து, யூசர் பஃபரை அதில் காப்பி எடுத்து, அங்கிருந்து டைன் ரைட் வழியாக மறுபடி வளையத்துக்குக் காப்பி. இரண்டு காப்பி. இதே இரண்டு காப்பியை 5.8 முதல் இருக்கும் ரிங் பஃபர் அவுட்புட் ஒரே அழைப்பில் செய்யும். அதற்கு நீளம் மாறிலியாக இருக்கத் தேவையில்லை, எல்லை தெரிந்தால் போதும். தலைப்பையும் அதே மேப் மதிப்பின் முதல் 24 பைட்டில் வைத்து, 24 + நீளத்தை அப்படியே கொடுங்கள். ரிசர்வ், சப்மிட், டிஸ்கார்ட் எதுவும் வேண்டாம்.

டைன்பாயிண்டர் என்றதும் காப்பி இல்லாத வழி என்று நினைக்கிறார்கள். டைன் ரீட், டைன் ரைட் இரண்டும் காப்பிதான். இந்த மூன்றில் காப்பியைத் தவிர்ப்பது டைன் டேட்டா ஒன்றுதான்.

#4 சுட்டிப்பையன்

அப்போ டைன் டேட்டாவை வைச்சு யூசர் பஃபரை நேரா வளையத்துக்குள்ளயே இறக்க முடியுமா? அதுக்கும் நீளம் மாறிலியா இருக்கணும்னு போட்டிருக்கே?

#5 அடுக்கு512

மூன்றாம்வளையம் சொன்னது சரி, என் எலும்புக்கூட்டில் அந்த இரட்டைக் காப்பி இருக்கிறது. அதை எடுத்துவிடலாம்.

டைன் டேட்டாவில் நீளம்தான் மாறிலி, ஆஃப்செட் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அதனால் பேலோடை (தலைப்புக்குப் பின் வரும் பைட்டுகளை) சம துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஆஃப்செட் 24 + இ × 64 (இ என்பது 0இல் தொடங்கும் சுற்று எண்), நீளம் எப்போதும் 64. கிடைக்கும் பாயிண்டருக்குள் நேராக புரோப் ரீட் யூசர் (யூசர் நினைவகத்தைப் படிக்கும் ஹெல்ப்பர்). கடைசித் துண்டு முழுதாக இல்லாமல் போகலாம் என்பதால், ஒதுக்கும்போதே பேலோடு அளவை 64இன் மடங்குக்கு உயர்த்திக் கேளுங்கள். இல்லாவிட்டால் கடைசித் துண்டுக்கு டைன் டேட்டா வெறுமை தரும், பதிவு முழுவதும் கைவிடப்படும். 4096க்கு உச்சமாக 64 சுற்று. 5.3 முதல் எல்லையுள்ள லூப் அனுமதி உண்டு, வெரிஃபயரின் பத்து லட்சம் இன்ஸ்ட்ரக்‌ஷன் வரம்பும் இதற்குத் தாராளம்.

துண்டு அளவை ஏன் 64 என்றேன்? வளையத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட் தலைப்பு சேரும், மொத்தம் 8இன் மடங்குக்கு உயரும். 60 பைட் எழுதும் அழைப்பை எடுத்துக்கொள்வோம்:

எப்போதும் 4120 ஒதுக்கினால் 4128 பைட். 262144 பைட் வளையத்தில் 63 பதிவு.
256 துண்டு: 24 + 256 + 8 = 288. 910 பதிவு.
64 துண்டு: 24 + 64 + 8 = 96. 2730 பதிவு.
துண்டே இல்லாமல் அளவாக 84 கேட்டாலும் 92 என்பது 96க்கு உயர்கிறது. அதே 2730.

பெரிய ரைட்கள்தான் அதிகம் என்றால் 256க்குப் போங்கள், சுற்றுகள் 16 ஆகக் குறையும். சின்ன ரைட்கள் அதிகம் என்றால் 64ஐ விடாதீர்கள்.

இன்னொன்று: ஒதுக்கும்போது வளையத்தின் நினைவகத்தை யாரும் சுழியாக்குவதில்லை. கடைசித் துண்டில் நீங்கள் எழுதாத பைட்டுகளில் பழைய பதிவின் மிச்சம் கிடக்கும். தலைப்பில் உண்மையான நீளத்தை எழுதுங்கள், படிக்கும் பக்கம் அதை மட்டும் நம்பட்டும். பதிவின் மொத்த அளவிலிருந்து 24ஐக் கழித்து நீளம் கண்டுபிடிக்கும் கோடு இருந்தால், இந்த மாற்றத்தோடு அது உடையும்.

#6 சுட்டிப்பையன்

எழுதிட்டேன். இப்போ "அன்ரிலீஸ்டு ரெஃபரன்ஸ்"னு வேற பிழை. ரிசர்வ் மைனஸ்ல வந்தா உடனே ரிட்டர்ன் 0 போட்டிருக்கேன். ஒதுக்கவே இல்லாததை எதுக்கு விடுவிக்கணும்?

#7 மூன்றாம்வளையம்

பழைய ரிசர்வில் பழகிய கை. அங்கே வெறுமை வந்தால் எதையும் விடுவிக்கக் கூடாது. இங்கே தோற்றாலும் சப்மிட் அல்லது டிஸ்கார்ட் கட்டாயம். ரிசர்வ் டைன் ஓடியதுமே, வெற்றியோ தோல்வியோ, வெரிஃபயர் ஒரு கடன் எழுதிவிடும். புரோகிராமின் எல்லாப் பாதையிலும் அந்தக் கடன் தீர வேண்டும். வெறும் டைன்பாயிண்டரை டிஸ்கார்ட் செய்தால் கெர்னல் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். அந்த ரிட்டர்ன் 0ஐ "கைவிடு" லேபிளுக்குத் திருப்புங்கள்.

எரர் எண்ணைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அளவு 16 எம்பியைத் தாண்டினால் -7. ஃபிளாக் தவறானாலும் -22, வளையம் நிறைந்து இடமில்லாவிட்டாலும் அதே -22தான், -12 வராது. விழுந்த பதிவுகளை எண்ண வேண்டுமென்றால், அளவும் ஃபிளாக்கும் சரி என்ற உறுதியோடு எல்லாத் தோல்வியையும் ஒரே கவுண்டரில் போடுங்கள்.

#8 அடுக்கு512

கடன் என்ற சொல் பொருத்தம். அதோடு ஒட்டிய மூன்று விஷயங்கள்.

சப்மிட் ஆனதும் அந்த டைன்பாயிண்டரிலிருந்து வாங்கிய எல்லாத் துண்டுப் பாயிண்டர்களும் செத்துவிடும். சப்மிட்டுக்குப் பிறகு தலை→நீளம் படித்தால், அது இனி வெறும் எண், பாயிண்டர் அல்ல என்று வெரிஃபயர் சொல்லும். புள்ளிவிவரத்துக்கு நீளம் வேண்டுமானால் முன்பே லோக்கலில் எடுத்து வையுங்கள்.

கடன் இருக்கும் டைன்பாயிண்டரின் ஸ்டாக் இடத்தின் மேல் வேறு எதையும் எழுத முடியாது. லூப்பிற்குள் அதே மாறியில் மறுபடி ரிசர்வ் செய்ய முயன்றால் மாட்டுவீர்கள்.

குளோன் எடுத்தால் கடன் இரட்டிப்பாகாது. மூலமோ குளோனோ ஒன்றைச் சப்மிட் செய்தால் எல்லாம் சேர்ந்து செல்லாமல் போகும். குளோன், அட்ஜஸ்ட், சைஸ் எல்லாம் 6.5இல் வந்தவை. தலைப்பைத் தாண்டிய பகுதியை மட்டும் இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்க, குளோன் எடுத்து அட்ஜஸ்டால் முன்பக்கம் 24 பைட் வெட்டலாம். வெட்டியதைத் திரும்ப நீட்ட முடியாது, அதனால்தான் குளோன்.

பிறகு, ரிசர்வுக்கும் சப்மிட்டுக்கும் நடுவே வேலையை நீட்டாதீர்கள். சப்மிட் ஆகாத பதிவில் "பிஸி" பிட் எரியும். அதற்குப் பின்னால் பத்துப் பதிவு தயாராக இருந்தாலும் படிப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஃபில்டர், மேப் தேடல் எல்லாம் ரிசர்வுக்கு முன்னால் முடியட்டும்.

#9 பொட்டலம்

இழையின் தலைப்பு வளையம் என்றாலும் பாக்கெட் பக்கத்தையும் இங்கேயே பேசிவிடலாமா? 9000 எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு), எக்ஸ்டிபி ஃப்ராக்ஸ் புரோகிராம் (பாக்கெட் வந்ததும் டிரைவர் மட்டத்தில் ஓடி, பல துண்டாக வருவதையும் ஏற்கும் இபிபிஎஃப்). பாக்கெட் முடிவைக் காட்டும் டேட்டா எண்ட் பாயிண்டர் முதல் துண்டோடு நின்றுவிடுகிறது, டிஎல்எஸ் கிளையண்ட் ஹலோ (மறையாக்க இணைப்பைத் தொடங்கும் செய்தி) அடுத்த துண்டுக்குள் நீள்கிறது. டைன் ஃப்ரம் எக்ஸ்டிபி எடுத்தால் இந்த எல்லைத் தலைவலியே இல்லை. டேட்டா, டேட்டா எண்ட் ஒப்பீட்டையெல்லாம் தூக்கிவிட்டு எல்லா இடத்திலும் டைன்பாயிண்டரே போடலாம் என்பது என் கட்சி.

#10 மூன்றாம்வளையம்

பாதி சரி. ஃப்ராக் தாண்டுவதற்கு அதுதான் வசதி. ஆனால் ஈதர்நெட், ஐபி, டிசிபி ஹெட்டருக்கு வேண்டாம். அவை முதல் துண்டில்தான் கிடக்கும். டேட்டா எண்டோடு ஒரு ஒப்பீடு என்பது ஓரிரு இன்ஸ்ட்ரக்‌ஷன், ஜிட் (மெஷின் கோடாக மாற்றும் கம்பைலர்) அதை நேரடி லோடாக மாற்றிவிடும். ஸ்லைஸ் (டைன்பாயிண்டருக்குள் ஒரு துண்டுக்குப் பாயிண்டர் வாங்குவது) என்பது ஒவ்வொரு முறையும் ஒரு கெர்னல் ஃபங்ஷன் அழைப்பு: வகை பார்க்கும், எல்லை பார்க்கும், ஃப்ராக் தேடும். பாக்கெட்டுக்கு நான்கு ஸ்லைஸ் போட்டால், நொடிக்குப் பல லட்சம் பாக்கெட் ஓடும் இடத்தில் அது கணக்கில் தெரியும்.

பொதுவாக என் பழக்கம்: இடம் நிலையாக இருந்தால் நேரடிப் பாயிண்டர், இடம் அலைந்தால் ஸ்லைஸ், நீளமும் அலைந்தால் ரீட்.

#11 பொட்டலம்

ஸ்லைஸ், ரீட் இரண்டையும் ஏன் பிரிக்கிறீர்கள்?

#12 அடுக்கு512

கிளையண்ட் ஹலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றுக்கும் 2 பைட் வகை, 2 பைட் நீளம், பிறகு உள்ளடக்கம். அந்த 4 பைட் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது, ஆனால் அது எப்போதும் 4 பைட். ஸ்லைஸுக்கு ஏற்ற வேலை: ஆஃப்செட் மாறலாம், நீளம் மாறிலி. சர்வர் பெயரோ எத்தனை எழுத்து என்று தெரியாது. அங்கே ஸ்லைஸ் மறுக்கும். டைன் ரீட் ஏற்கும், ஏனென்றால் அதன் நீளத்துக்கு மேல் எல்லை இருந்தால் போதும்: 255க்குள் என்று சோதித்து, 256 பைட் பஃபரில் இறக்குங்கள். பாக்கெட் எல்லையைத் தாண்டினால் -7 வரும், புரோகிராம் உடையாது.

ஸ்லைஸில் மூன்றாவதாக ஒரு பஃபரும் கொடுக்கிறோம் அல்லவா, பலர் தடுக்கி விழும் இடம் அது. கேட்ட பைட்டுகள் தொடர்ச்சியாக இருந்தால் பாக்கெட்டுக்குள்ளேயே பாயிண்டர் வரும், பஃபரை யாரும் தொடமாட்டார்கள். துண்டுகளுக்கு நடுவே பிளந்து கிடந்தால் பஃபரில் காப்பி எடுத்து, பஃபரின் முகவரியைத் தரும். படிப்பதற்கு இந்த வேறுபாடு தேவையில்லை. எழுதும்போதுதான் வலை: ஸ்லைஸ் ஆர்டிடபிள்யூ (எழுதவும் அனுமதிக்கும் ஸ்லைஸ்) வாங்கி அதில் மாற்றினால், அது உண்மையில் உங்கள் பஃபராக இருக்கலாம். பாக்கெட் மாறியிருக்காது. சின்னப் பாக்கெட்டில் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும், பெரியது வரும்போது மட்டும் மாற்றம் காணாமல் போகும், பிழைச் செய்தியும் கிடையாது. வந்த பாயிண்டர் பஃபரின் முகவரியோடு சமமா என்று பார்த்து, சமம் என்றால் டைன் ரைட் போட்டுத் திருப்பி எழுதுங்கள்.

டிசியில் (கெர்னலின் டிராஃபிக் கண்ட்ரோல் பகுதி) எஸ்கேபி (கெர்னல் பாக்கெட்டை வைத்திருக்கும் அமைப்பு) டைன்பாயிண்டர் என்றால் இன்னொரு அடி: டைன் ரைட் ஓடியதுமே அந்தப் பாக்கெட்டின் எல்லா ஸ்லைஸும், நீங்கள் முன்பு வாங்கிய டேட்டா, டேட்டா எண்ட் பாயிண்டர்களும் செல்லாது. எழுதும் வேலையில் பாக்கெட்டின் நினைவகமே இடம் மாறக்கூடும் என்பதால் இந்த விதி. எக்ஸ்டிபியில் இப்படி இல்லை. பாக்கெட்டில் எழுத உரிமை இல்லாத புரோகிராம் வகையில் எஸ்கேபி டைன்பாயிண்டர் "படிக்க மட்டும்" குறியோடுதான் வரும், ஸ்லைஸ் ஆர்டிடபிள்யூவை ஏறும்போதே தடுத்துவிடுவார்கள்.

டைன் டேட்டாவைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு "ஏன் எப்போதும் வெறுமை" என்று கேட்காதீர்கள். எஸ்கேபி, எக்ஸ்டிபி இரண்டுக்கும் அது கிடையாது, ஸ்லைஸ் மட்டும்தான்.

#13 பிழைதிருத்தி

டெபியன் 12, அதாவது கெர்னல் 6.1இல் இவற்றில் எது ஓடும்? உபுண்டு 22.04இன் 5.15 பெட்டிகளும் நிறைய இருக்கு.

#14 மூன்றாம்வளையம்

6.1: வளைய டைன்பாயிண்டர், டைன் ரீட், ரைட், டேட்டா உண்டு. மேப் மதிப்பின் மேல் டைன்பாயிண்டர் கட்டும் ஃப்ரம் மெம் உண்டு. யூசர் ரிங் பஃபரும் (யூசர் பக்கம் எழுதிக் கெர்னல் படிப்பது) உண்டு, அதன் கால்பேக்குக்குப் பதிவு டைன்பாயிண்டராகத்தான் வரும். எஸ்கேபி, எக்ஸ்டிபி, ஸ்லைஸ் இல்லை, அவை 6.4.

5.15: எதுவும் இல்லை. அங்கே இரண்டு வழி. ஒன்று, #3இல் சொன்ன அவுட்புட். இன்னொன்று, அளவு வகுப்புகள்: நீளம் 104க்குள் என்றால் 128 ரிசர்வ், 1000க்குள் என்றால் 1024, மற்றதெல்லாம் 4120. மூன்று தனி ரிசர்வ், மூன்றிலும் மாறிலி, வெரிஃபயருக்குப் புகார் இல்லை. ஆனால் கிளாங் கம்பைலர் சில சமயம் புத்திசாலித்தனமாக மூன்றையும் ஒரே அழைப்பாகச் சேர்த்து, அளவை மாறியாக்கிவிடும். மறுபடி "மாறிலி இல்லை" பிழை. ஒவ்வொரு கிளையையும் தனி ஃபங்ஷனாக்கி, உள்ளே வெற்று அசெம்பிளி வரி ஒன்று வைத்தால் சேர்க்காது.

வெர்ஷன் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரெட் ஹாட் 9 பெயருக்கு 5.14, ஆனால் பிபிஎஃப் பகுதியில் பின்னால் வந்தவை நிறைய உள்ளே சேர்த்திருக்கிறார்கள். ஹெல்ப்பர் என்றால் பிபிஎஃப்டூலின் ஃபீச்சர் புரோப். ஸ்லைஸ் போன்ற கேஃபங்க் (புரோகிராம் அழைக்கத் திறந்துவிட்ட கெர்னல் ஃபங்ஷன்) என்றால், அதை வீக் சிம்பலாக (இல்லாவிட்டாலும் ஏறலாம் என்று) அறிவித்து, கோடுக்குள் கேசிம் எக்ஸிஸ்ட்ஸ் சோதனை. இல்லாத கெர்னலில் அந்தக் கிளையை வெரிஃபயர் செத்த கோடு என்று வெட்டிவிடும்.

#15 பொட்டலம்

அரீனா (இபிபிஎஃப் புரோகிராமும் யூசர் பக்கமும் பகிரும் பெரிய நினைவகம்) வந்த பிறகும் இதெல்லாம் தேவையா? 6.9இல் 4 ஜிபி வரை, எல்லைச் சோதனையே இல்லாமல் பாயிண்டர் ஆடலாமே.

#16 அடுக்கு512

வேறு வேலைக்கான வேறு கருவி. அரீனாவில் முகவரியின் கீழ் 32 பிட் மட்டும் எடுத்து அடிமுகவரியோடு கூட்டுகிறார்கள், இருபுறமும் காவல் பகுதி. இல்லாத பக்கத்தைப் படித்தால் சுழி வரும், கெர்னல் விழாது. கெர்னலுக்குக் கேடில்லை, ஆனால் உங்கள் லிஸ்ட் உடைந்தால் அதைச் சொல்ல யாரும் இல்லை. ஹேஷ் டேபிள், மரம் கட்ட அது நல்லது. பாக்கெட்டும் ரிங் பஃபரும் அரீனாவுக்குள் இல்லை, அங்கே போக டைன்பாயிண்டர் போன்ற வழிகள் வேண்டும்.

#17 சுட்டிப்பையன்

கைவிடு லேபிள் சரி பண்ணியாச்சு, அன்ரிலீஸ்டு போச்சு. கடைசியா ஒண்ணு: லூப்புக்குள்ள "மிச்சம் = நீளம் - இ × 64; 64ஐத் தாண்டினா 64"னு வைச்சு புரோப் ரீட் யூசருக்குக் கொடுத்தா, ஆர்2வின் குறைந்தபட்ச மதிப்பு நெகட்டிவ்ங்குது.

#18 அடுக்கு512

மிச்சம் என்பது இன்ட் வகையா? யு32 ஆக்குங்கள். அப்போதும் வந்தால், கிளாங் ஒப்பீட்டை ஒரு ரெஜிஸ்டரில் செய்து, அழைப்புக்கு மற்றொரு பிரதியைக் கொடுத்திருக்கும். எல்லை தெரிந்தது ஒன்றுக்கு, போனது இன்னொன்று. ஒப்பீட்டுக்குச் சற்று முன்னால் லிப்பிபிஎஃப் லைப்ரரியின் பேரியர் வேர் மேக்ரோவை மிச்சத்தின் மேல் போடுங்கள். அதற்கு மேல் நடந்த கணக்கைக் கம்பைலர் மறந்துவிடும், ஒப்பிட்ட ரெஜிஸ்டரே அழைப்புக்குப் போகும்.

அந்தப் புரோப் ரீட் -14 தந்தால் அந்த முகவரியைப் படிக்க முடியவில்லை என்று பொருள், பக்கம் நினைவகத்தில் இல்லாமல் இருக்கலாம். கொடுத்த இடத்தைச் சுழியால் நிரப்பிவிட்டுத்தான் திரும்பும். பதிவைக் கைவிடாமல், அதுவரை எடுத்த அளவைத் தலைப்பின் நீளத்தில் எழுதிச் சப்மிட் செய்யலாம்.

#19 சுட்டிப்பையன்

யு32, பேரியர் ரெண்டும் போட்டதும் ஏறிடுச்சு. -14க்கு நீளத்தைக் குறைச்சு எழுதுறேன். படிக்கிற பக்கம் பதிவு அளவுல இருந்து 24ஐக் கழிக்கிற வரி ஒண்ணு இருந்தது, #5 பார்த்து அதையும் எடுத்தாச்சு.